மர்ஃபி: ஒரு குடும்பப் பெயர் கூறும் வரலாறு



ஒரு நாட்டின் கடந்த காலத்தை அறிய விழைவோர் கல்வெட்டையும் ஏட்டையும் அரசு ஆவணத்தையும் நாடுவர். அவை அழிந்துபோன இடத்தில் எதை நாடுவது? அயர்லாந்து வரலாற்றாசிரியர்களுக்கு இக்கேள்வி மிகக் கூர்மையானது. 1922ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடிப்பிலும் தீயிலும் அழிந்தது. 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் ஏடுகளில் மிகச் சிலவே எஞ்சின. தேவாலயப் பதிவேடுகளும் உயில்களும் பெருமளவில் சாம்பலாயின. எந்தத் தீயாலும் எரிக்க இயலாத ஆவணமாக மக்கள் தங்களோடு சுமந்து வந்தது தங்கள் பெயரையே.

எனவே இன்றைய உரைக்கு அந்நாட்டின் குடும்பப் பெயர்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது மர்ஃபி. அயர்லாந்தில் மிகுதியானோர் தாங்கும் குடும்பப் பெயர் இதுவே. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னர் எடுத்த கணக்கிலும் இதுவே முதலிடம் பெற்றது. இன்றும் அவ்விடத்தை விட்டு இறங்கவில்லை. இத்துணைப் பேர் ஒரே பெயரைத் தாங்குவதால் அவர்கள் அனைவரும் ஒரே குடியின் வழித்தோன்றல்கள் ஆவரா? ஆகார் எனின், இப்பெருக்கம் எவ்வாறு நேர்ந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

மர்ஃபி என்பது ஆங்கில எழுத்தில் அமைந்த வடிவம். அதன் மூலம் ஐரிஷ் மொழியில் உள்ளது. முர்ஹத் என்பது பழைய அயர்லாந்தில் ஆண்களுக்கு இட்ட இயற்பெயர். இதில் இரண்டு சொற்கள் இணைந்துள்ளன. ‘முயிர்’ என்றால் கடல். இலத்தீன் மொழியில் கடலைக் குறிக்கும் ‘மாரே’ என்னும் சொல்லுக்கு இது உறவுடையது. ‘கத்’ என்றால் போர். இரண்டும் சேரக் கடற்போர் புரிபவன், கடல் மறவன் என்னும் பொருள் பிறக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பெயரின் பொருளை அறிந்தவுடன், இப்பெயருடையோர் அனைவரும் கப்பற்படை வீரரின் மரபினர் என்று கருதிவிடுதல் கூடாது. வெற்றிவேல் என்று பெயரிட்ட குழந்தை போர்க்களம் காண வேண்டும் என்பதில்லை. முர்ஹத் என்பதும் வீரத்தை விரும்பிய ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு விரும்பி இட்ட பெயர். 1014ஆம் ஆண்டு குளோன்டார்ஃப் போரில் உயிர்நீத்த பேரரசர் பிரையன் போருவின் மகன் பெயரும் முர்ஹத். அவனும் அதே போரில் மாண்டான். லென்ஸ்டர் நாட்டு அரச மரபிலும் 11ஆம் நூற்றாண்டில் ஒரு முர்ஹத் இருந்தான், 1070இல் மறைந்தான். வடக்கிலும் மேற்கிலும் இப்பெயருடையோர் வாழ்ந்தனர். ஒரே பெயரை நாட்டின் பல மூலைகளில், ஒருவரோடொருவர் தொடர்பற்ற பலர் தாங்கியிருந்தனர் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்த பெருக்கத்தின் வித்து இதுவே.

பெயரின் நடுவில் வரும் ஒலியையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘ஹ’ என்று நான் எழுதுவது தொண்டையின் அடியிலிருந்து உரசி எழும் ஒலி. அரபு மொழியிலிருந்து மலாய் ஏற்றுக்கொண்ட சொற்களில் அதற்கு நெருங்கிய ஒலியை இந்நாட்டில் நாம் கேட்டிருக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் இவ்வொலி இருந்தது, பின்னர் மறைந்தது. ஆங்கிலச் சொற்கள் சிலவற்றில் அது ‘ஃப்’ ஒலியாகவே மாறிவிட்டது. முர்ஹத்தின் தொண்டை ஒலி இருந்த இடத்தில் மர்ஃபியில் ‘ஃப்’ நிற்பதைக் காணும்போது இம்மாற்றம் நினைவுகூரத் தக்கது.

பேரனும் மகனும்

இயற்பெயர் குடும்பப் பெயரானது எவ்வாறு? ஐரிஷ் குடும்பப் பெயர்களின் முன்னால் இரண்டு ஒட்டுகள் வரும். ‘மாக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன். அதன் பழைய வடிவம் ‘உவா’. தொடக்கத்தில் இவை நேர்ப்பொருளில் வழங்கின. மாக் முர்ஹதா என்றால் முர்ஹத்தின் மகன்; ஓ முர்ஹதா என்றால் அவனுடைய பேரன். தந்தையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதும் வழக்கமுள்ள நமக்கு இதனைப் புரிந்துகொள்வது அரிதன்று. நம் வழக்கில் அப்பெயர் ஒரு தலைமுறையோடு மாறிவிடும். அயர்லாந்தில் அது நிலைத்துவிட்டது. கொள்ளுப்பேரனும் எள்ளுப்பேரனும் அவனுக்குப் பின் வந்தோரும் அதே ஓ முர்ஹதாவாகவே அறியப்பட்டனர்.

இவ்வாறு நிலைத்த குடும்பப் பெயர்கள் ஐரோப்பாவில் முதலில் தோன்றிய நாடுகளுள் அயர்லாந்து ஒன்று. கால்வே பகுதியில் ஆண்ட உவா கிளேரி என்னும் குடித்தலைவனின் மறைவைக் கூறும் 916ஆம் ஆண்டு ஆண்டுக்குறிப்பே மிகப் பழைய பதிவாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. பிரையன் போரு ஆணையிட்டதால்தான் மக்கள் குடும்பப் பெயர் சூடினர் என்று ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர்கள் அதனை ஏற்பதில்லை. 10ஆம் நூற்றாண்டிலிருந்து சிறிது சிறிதாகப் பரவிய வழக்கம் இது.

பெண்களின் பெயர் வேறு வகையில் அமையும். ஒரு பெண் பேரனாகவோ மகனாகவோ இருக்க இயலாதன்றோ? எனவே ‘ஓ’ என்பதற்கு ஈடாக அவள் பெயரில் ‘நீ’ என்னும் ஒட்டு வரும். அதனை அடுத்து வரும் முதல் எழுத்தின் ஒலியும் மெலிந்துவிடும். இன்றைய எழுத்து முறையில் ஆண் ஓ முர்ஹூ. மணமாகாத பெண் நீ வுர்ஹூ. அக்குடும்பத்தில் மணம் புரிந்து வந்த பெண் ஈ வுர்ஹூ. ஐரிஷ் மொழியில் பெயரைக் கேட்ட அளவிலேயே அவர் பிறந்த மகளா, வந்த மருமகளா என்பது விளங்கிவிடும். மர்ஃபி என்னும் வடிவத்தில் இவை அனைத்தும் மறைந்துவிடுகின்றன.

ஒரு மன்னனும் அவன் அழைத்த படையும்

இப்பெயரோடு தொடர்புடையோருள் அயர்லாந்து வரலாற்றின் போக்கையே மாற்றியவன் லென்ஸ்டர் மன்னன் டியர்மிட் மாக் முர்ஹதா. அவனுடைய தந்தையின் பெயர் முர்ஹத் அன்று, தொன்ஹத். ஆயினும் அவன் மாக் முர்ஹதா எனப்பட்டான். ‘மகன்’ என்னும் ஒட்டு அவன் காலத்திலேயே நேர்ப்பொருள் இழந்து குடும்பப் பெயரின் உறுப்பாகிவிட்டது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1166இல் பகை மன்னர்கள் அவனை நாட்டைவிட்டுத் துரத்தினர். அவன் கடல் கடந்து சென்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் உதவி வேண்டினான். அவருடைய இசைவைப் பெற்று, வேல்ஸ் பகுதியில் இருந்த நார்மன் தலைவர்களைத் துணைக்கு அழைத்தான். 1169 மே மாதம் முதற்படை வெக்ஸ்ஃபோர்ட் கடற்கரையில் இறங்கியது. மறு ஆண்டு ஸ்ட்ராங்போ என்னும் பிரபு பெரும்படையோடு வந்து வாட்டர்ஃபோர்ட் நகரைக் கைப்பற்றினான். டியர்மிட் தன் மகள் ஈஃபாவை அவனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். 1171இல் டியர்மிட் ஃபெர்ன்ஸ் என்னும் ஊரில் இறந்தான். அதே ஆண்டில் ஹென்றி மன்னரே அயர்லாந்தில் கால் வைத்தார். இழந்த அரியணையை மீட்க ஒருவன் அழைத்த துணைப்படை, அந்நாட்டைப் பல நூற்றாண்டுக் காலம் ஆங்கில ஆட்சியின் கீழ்க் கொண்டுசென்றது. ‘அந்நியரின் டியர்மிட்’ என்ற அடைமொழி அவனுக்கு நிலைத்தது.

டியர்மிட்டின் நேர்வழியினர் பெரும்பாலும் மர்ஃபி ஆகவில்லை. அவர்கள் பெயர் ஆங்கிலத்தில் மக்முரோ என்று வழங்கிற்று. அவனுடைய மகன் ஒருவனின் வழியினர் கவனா என்னும் பெயர் பெற்றனர். வெக்ஸ்ஃபோர்ட் பகுதியில் நிலம் கொண்டிருந்த ஓ முர்ஹதா குடியினரே அங்கு மர்ஃபி ஆனவர்கள். வடக்கே டைரோன் பகுதியில் மாக் முர்ஹதா என்ற வேறொரு குடி இருந்தது. அவர்களும் மர்ஃபி ஆயினர். மேற்கே ஸ்லைகோ, ரோஸ்காமன் பகுதிகளில் இருந்த ஓ முர்ஹதா குடியினரும் அப்பெயரையே பெற்றனர். தெற்கே கார்க் மாவட்டத்தில்தான் இன்று இப்பெயர் மிக நெருக்கமாகக் காணப்படுகிறது. வெவ்வேறு நிலம், வெவ்வேறு முன்னோர், வெவ்வேறு ஒட்டு. எழுத்து மட்டும் ஒன்று.

சட்டமும் எழுத்தரும்

இந்த ஒருமை எங்கிருந்து வந்தது? ஆட்சியாளர்கள் பெயரைப் பற்றித் தொடக்கம் முதலே கவலை கொண்டிருந்தனர். 1366ஆம் ஆண்டின் கில்கென்னிச் சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பெயரும் மொழியும் ஏற்பதைத் தடைசெய்தன. குடியேறியோர் உள்ளூர் மக்களாகவே மாறிக்கொண்டிருந்தனர் என்பதற்கு அத்தடையே சான்று. 1465இல் சட்டம் மறுபுறம் திரும்பியது. டப்ளின் முதலிய நான்கு மாவட்டங்களில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ் மக்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் சூட வேண்டும் என்று நாடாளுமன்றம் விதித்தது. ஓர் ஊரின் பெயர், வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற ஒரு நிறத்தின் பெயர், கொல்லன், தச்சன் போன்ற ஒரு தொழிலின் பெயர் எனத் தேர்ந்துகொள்ள வகைகளையும் சட்டமே எடுத்துக்கூறியது. மீறுவோர் ஆண்டுதோறும் பொருளை இழப்பர்.

ஆயினும் சட்டத்தைக் காட்டிலும் வலியதாக விளங்கியது எழுதுகோல். 17ஆம் நூற்றாண்டில் போர்த் தோல்விகளும் நிலப் பறிமுதலும் பழைய குடித்தலைவர்களின் வலிமையை முறித்தன. நிலப் பதிவு, வரி, நீதிமன்றம், குத்தகை ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் நடந்தன. எழுத்தர் தம் காதில் விழுந்ததைத் தமக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எழுதினார். ஓவும் மாக்கும் உதிர்ந்தன. சில பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்டன; கொல்லன் மகன் என்று பொருள்படும் மாக் கவன், ஸ்மித் ஆனது. சில பெயர்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டன. மாக் கொன்ரீ என்னும் பெயரின் ஈற்றில் அரசனைக் குறிக்கும் சொல்லின் ஒலி கேட்டதால் அது கிங் என்றாயிற்று. ஓ முர்ஹதாவும் மாக் முர்ஹதாவும் ஏட்டில் ஒரே மர்ஃபியாக அமர்ந்தன.

மக்களே இவ்வடிவங்களை ஏற்றுக்கொண்டதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலப் பெயர் வேலைக்கும் வழக்குக்கும் எளிதாயிருந்தது. மொழி மங்கியபோது பெயரும் அதனோடு மங்கிற்று. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டைவிட்டு நீங்கினர். பெரிதும் பாதிக்கப்பட்டவை ஐரிஷ் பேசிய ஏழை மாவட்டங்கள். 1851இல் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் ஐரிஷ் பேசினர். 1891இல் அவர்கள் தொகை 7 இலட்சத்துக்கும் கீழ் இறங்கியது.

எண்ணிக்கை கூறுவதும் கூறாததும்

1894ஆம் ஆண்டு, பதிவுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் மாத்தீசன் அயர்லாந்துக் குடும்பப் பெயர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு பெயரையும் தாங்குவோர் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார். மர்ஃபி 62,600; கெல்லி 55,900; சல்லிவன் 43,600; வால்ஷ் 41,700; ஸ்மித் 33,700. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 47 இலட்சம். ஆயிரவருள் 13 பேர் மர்ஃபி.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் அது குடிகளின் கணக்கு அன்று என்பது புலப்படும். வால்ஷ் என்பது வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தோர்க்கு இட்ட பெயர். எங்கெங்கோ குடியேறிய பலர்க்கு அப்பெயர் தனித்தனியே வாய்த்தது. ஸ்மித்துகளுள் ஆங்கிலேயரும் உண்டு. மொழிபெயர்ப்பால் ஸ்மித் ஆன மாக் கவன்களும் உண்டு. அவ்வாறே மர்ஃபி என்னும் 62,600 பேரும் பல ஊற்றுகளிலிருந்து வந்து ஒரே வாய்க்காலில் கலந்தவர்கள். மாத்தீசன் எண்ணியது ஓர் எழுத்துக்கூட்டலை. அதன் முதலிடத்துக்குக் காரணங்கள் இரண்டு: முர்ஹத் என்னும் இயற்பெயர் நாடெங்கும் பரவியிருந்தது ஒன்று, அப்பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்களின் வேறுபாட்டை ஆங்கில எழுத்து அழித்துவிட்டது மற்றொன்று. இன்றைய மர்ஃபி ஒருவர் தம் முன்னோரைத் தேட முற்பட்டால் பெயர் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தத் திருச்சபைப் பதிவேடு என்று கேட்டே அவர் அடியெடுத்து வைக்க வேண்டும். புகழ் மிகுந்த பெயர் வழிகாட்டுவதில் வறுமை மிகுந்த பெயராயிற்று.

கடல் கடந்த பெயர்

கடல் மறவன் எனப் பொருள்படும் பெயர் பிற்காலத்தில் உண்மையாகவே கடல் கடந்தது. போருக்காக அன்று, பிழைப்புக்காக. லிவர்பூல், பாஸ்டன், நியூயார்க், ஆஸ்திரேலியா என்று பரவிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகுதியாக வழங்கும் முதல் 100 குடும்பப் பெயர்களுள் மர்ஃபியும் ஒன்று. ஆங்கிலக் கொச்சை வழக்கில் உருளைக்கிழங்குக்கே மர்ஃபி என்று பெயரிட்டனர். ஏழை ஐரிஷ் தொழிலாளியை எள்ளிய காலத்தின் தடம் அது.

இப்பெயரைத் தாங்கியோரின் வாழ்க்கையும் ஒரு வகைப்பட்டதன்று. 1798ஆம் ஆண்டு வெக்ஸ்ஃபோர்ட் கிளர்ச்சிக்குத் தலைமையேற்றுத் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் ஜான் மர்ஃபி ஒருவர். 1913இல் டப்ளின் தொழிலாளர் சங்கத்தை எதிர்த்துக் கதவடைப்பை முன்னின்று நடத்திய முதலாளி வில்லியம் மார்ட்டின் மர்ஃபி மற்றொருவர். 1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு மிதிவண்டியில் பயணம் செய்து அதனை நூலாக எழுதியவர் டெர்வ்லா மர்ஃபி. 2024இல் ஆஸ்கார் விருது பெற்ற நடிகர் கிலியன் மர்ஃபி கார்க் நகரத்தவர். ‘தவறக்கூடியது தவறியே தீரும்’ என்னும் பொருளில் உலகம் வழங்கும் மர்ஃபி விதி, 1949இல் அமெரிக்க விமானப்படைச் சோதனைகளில் ஈடுபட்டிருந்த பொறியாளர் எட்வர்ட் மர்ஃபியின் பெயரால் அமைந்தது. ஆப்பிரிக்க வழியினரான அமெரிக்க நடிகர் எட்டி மர்ஃபியும் இப்பெயரையே தாங்குகிறார். பெயர் குருதியை மட்டுமே காட்டுவதன்று என்பதை இவ்வொரு சான்றே உணர்த்தும்.

திரும்பும் வழி

1892 நவம்பரில் டக்ளஸ் ஹைட் என்னும் அறிஞர் டப்ளினில் ஓர் உரை நிகழ்த்தினார். மொழி, பாட்டு, உடை ஆகியவற்றோடு பெயர்களையும் ஐரிஷ் மக்கள் கைவிட்டதை அவர் அவ்வுரையில் கடிந்துரைத்தார். மறு ஆண்டு கேலிக் கழகம் தோன்றியது. அவர் அதன் முதல் தலைவர். 1938இல் அவரே அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவரும் ஆனார். அக்கழகத்தின் தாக்கத்தால் மக்கள் உதிர்த்த ஒட்டை மீண்டும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினர். சல்லிவன் பலர் ஓ’சல்லிவன் ஆயினர். கானர் பலர் ஓ’கானர் ஆயினர்.

மர்ஃபி மட்டும் அவ்வழியில் செல்லவில்லை. ஓ’மர்ஃபி என்று எழுதுவோரைக் காண்பது மிக அரிது. மர்ஃபி என்னும் ஆங்கில வடிவம் அத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டது; மூலத்திலிருந்து அத்துணைத் தொலைவு விலகியும்விட்டது. முன்னே ஓர் ஒட்டைச் சேர்ப்பதால் அது மீளாது. மீள விரும்புவோர் முழுமையாகத் தம் மொழிக்குள் சென்று ஓ முர்ஹூ என்றும் நீ வுர்ஹூ என்றும் எழுத வேண்டும். அவ்வாறு எழுதுவோர் இன்று உள்ளனர். ஒரே மனிதர் ஆங்கிலத்தில் மர்ஃபியாகவும் ஐரிஷ் மொழியில் ஓ முர்ஹூவாகவும் விளங்குவதும் உண்டு. பெயரை மீட்க வேண்டுமாயின் முதலில் மொழியை மீட்க வேண்டும் என்பதே இப்பெயர் நமக்குக் கூறும் செய்தி.

அவையோரே, ஒரு மொழிக் கழகத்தின் மேடையில் அயர்லாந்துப் பெயர் ஒன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணியிருக்கலாம். இந்நாட்டிலும் தோட்டத்துக் கிராணியார் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர்கள் உண்டு. இலட்சுமியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் எத்தனை விதமாக எழுதப்பட்டுள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். அயலெழுத்தில் பெயர் எவ்வாறு நின்றாலும், அதனைத் தமிழில் பிழையின்றி எழுதவும், அதன் பொருளைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லவும் வீட்டில் ஒருவர் இருக்கும்வரை அது முழுமையாக இழந்த பெயர் ஆகாது. அயர்லாந்தில் பல வீடுகளில் அந்த ஒருவர் இல்லாது போயினர். முர்ஹத் என்றால் என்ன பொருள் என்று பேரன் கேட்டபோது விடை சொல்ல ஆளில்லை. விடையை அறிஞர்களின் நூலில் தேட வேண்டியதாயிற்று.

இன்றிரவு வீடு திரும்பியதும் தங்கள் பிள்ளைகளின் பெயரைத் தமிழில் ஒருமுறை எழுதிக்காட்டி, அதன் பொருளையும் சொல்லுங்கள். இவ்வுரைக்கு அதுவே போதிய பயன்.